நெடுஞ்சாலை மரங்களின் மன்றாட்டுமாலை

என் கணவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. கல்யாணமான புதிதில் "இங்க பாரு" என்பார். மகள் பிறந்த பிறகு "பாப்பாம்மா". இதெல்லாம் ஊர் உலகத்தில் உள்ளதுதான். ஆனால் சண்டை முடிந்து சமாதானத்துக்கு வரும்போதும், வேலை விட்டு வந்து கேட்டைத் திறக்கும்போதும் கூப்பிட அவர் எனக்கென்று தனியாக ஒரு பெயர் வைத்திருந்தார். "இம்பாசியென்ஸ் பால்சமினா!" என்று வாசலிலிருந்தே குரல் கொடுப்பார். கிள்ளானில் எங்கள் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா ஒருநாள் என்னைத் தனியாக அழைத்து, "உங்க வீட்ல வேலைக்கு வெளிநாட்டுக்காரி யாராச்சும் இருக்காளா?" என்று கேட்டே விட்டார்.

அது காசித்தும்பைச் செடியின் தாவரவியல் பெயர். அவருக்கு நகராண்மைக் கழகத்தின் பூங்காப் பிரிவில் வேலை. மரங்களுக்குப் பெயர்ப்பலகை மாட்டுவது அவர் பொறுப்பு. பச்சைத் தகரத்தில் மேலே மலாய்ப் பெயர் இருக்கும், கீழே சாய்ந்த எழுத்தில் லத்தீன் பெயர் இருக்கும். மற்றவர்கள் மாட்டிவிட்டு தே தாரிக் குடிக்கப் போய்விடுவார்கள். இவருக்கு மட்டும் அந்தச் சாய்ந்த எழுத்து என்னதான் சொல்கிறது என்று தெரிந்தாக வேண்டும். பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த அகராதி ஒன்றைத் தேடிப் பிடித்தார். செடிகளின் பெயரில் வரும் லத்தீன், கிரேக்கச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் அர்த்தம் சொல்லும் புத்தகம். முப்பது வருஷமாக அது எங்கள் காரின் டேஷ்போர்டில்தான் கிடக்கிறது.

எனக்கு அந்தப் பெயரை வைத்த அன்று, ஏதோ ராணிக்குரிய பெயர் போலிருக்கிறது என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டு, அர்த்தம் கேட்டேன்.

"இம்பாசியென்ஸ்னா பொறுமை இல்லாதது," என்றார். "காசித்தும்பைக் காய் முத்திடுச்சுன்னா லேசா விரல் பட்டாலே போதும், படார்னு வெடிச்சு விதையெல்லாம் தெறிக்கும். யாருக்குப் பொருந்தும்னு நீயே சொல்லு."

சொன்னேனே! தோசைக் கரண்டியை மேசையில் வைத்த வேகத்தில் சட்னிக் கிண்ணம் கவிழ்ந்தது. அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்து இன்னும் எரிச்சல் வந்து, சாயங்காலம் வரைக்கும் பேசவில்லை. அன்று மாலை அவர் விரலைத் தகரம் கிழித்து ரத்தத்தோடு வந்தார். திட்டிக்கொண்டே கழுவி, திட்டிக்கொண்டே மருந்து போட்டுக் கட்டினேன். கட்டி முடித்ததும் சொன்னார்: "காலையில பாதிதான் சொன்னேன். பால்சமினான்னு ஒன்னு இருக்குல்ல? பால்சம்னா காயத்துக்குப் போடுற தைலம். முதல் பேரு உன் வாய்க்கு, ரெண்டாவது பேரு உன் கைக்கு." அதற்கு மேல் நான் எங்கே கோபப்படுவது?

அவர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த கத்தோலிக்கர். சின்ன வயதில் பூசைக்கு உதவி செய்த காலத்தில் கொஞ்சம் லத்தீன் வாயில் ஒட்டியிருந்தது. அதனால் மரப் பெயர்களையும் கோயில் லத்தீன் மாதிரியே இழுத்து இழுத்துத்தான் சொல்வார். அவருடைய அதிகாரிக்கு அந்த உச்சரிப்பு பிடிக்காது. "அது அப்படி இல்லலா," என்று திருத்துவார். இவர் "சரி போஸ்" என்பார், மறுநாளும் அதே ராகம்தான்.

நான் கிள்ளான் பொண்ணு. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கும் செவ்வாய்க்கிழமை விரதமும் உண்டு. இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டிருக்க, பதிவுத் திருமணம்தான் செய்துகொண்டோம். மாமியாருக்கு நான் என்றைக்காவது ஞானஸ்நானம் எடுத்துவிடுவேன் என்று ஒரு நம்பிக்கை. நான் முதல் மாதமே சொல்லிவிட்டேன்: "அத்தை, உங்க சாமி உங்களுக்கு, என் சாமி எனக்கு. கூட உக்காருன்னா உக்காருறேன். ஆனா ஜெபத்துக்கு என் வாய் திறக்காது."

குவார்ட்டர்ஸில் சாயங்காலம் ஜெபம் நடக்கும். கடைசியில் மன்றாட்டுமாலை. ஒருவர் மாதாவின் பெயர்களை, புனிதர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வார், மற்றவர்கள் ஒவ்வொரு பெயருக்கும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்வார்கள். ஒவ்வொரு தடவையும் மாமியார் ஓரக்கண்ணால் என் உதட்டைப் பார்ப்பார். நான் உதட்டை இன்னும் இறுக்கிக்கொள்வேன். பிடிவாதம்தான். அந்த வயதில் அது இல்லாமல் எப்படி?

மகள் பிறந்த பிறகு ஒரு வழக்கம் உண்டானது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குக் காரில் போவோம். அவரும் மகளும் தமிழ்ப் பூசைக்குப் போவார்கள், நான் நாலு தெரு தள்ளியிருக்கும் முருகன் கோயிலுக்குப் போவேன். பதினொன்றரைக்கு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சந்திப்போம். கூட்டரசு நெடுஞ்சாலையில் அன்றைக்கு ஜாம் இருக்காது. அவர் ஒரு கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு, கடந்து போகும் மரங்களைச் சொல்லிக்கொண்டே வருவார். மஞ்சளாகப் பூக்கும் அங்சானா மரம் வந்தால் "டெரோகார்ப்புஸ் இண்டிகுஸ்". கிரேக்கத்தில் டெரோ என்றால் இறக்கை, கார்ப்புஸ் என்றால் பழம், இறக்கை வைத்த பழம். நெருப்பு மாதிரி பூக்கும் செம்மயிற்கொன்றை வந்தால் "தெலோனிக்ஸ் ரேஜியா". கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் நகம், அரசனுக்குரியது. தூங்குமூஞ்சி மரம் வந்தால் "சமானேயா சமான்". அதற்கு மட்டும் லத்தீனும் இல்லை, கிரேக்கமும் இல்லை, அது எங்கேயோ தென் அமெரிக்கக்காரன் வைத்த பேச்சுப் பெயர் என்பார்.

ஒரு ஞாயிறு. மகளுக்கு ஆறு வயது இருக்கும். அவர் "டெரோகார்ப்புஸ் இண்டிகுஸ்" என்று இழுத்தார். பின்சீட்டிலிருந்து பக்தியோடு ஒரு குரல் வந்தது: "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

அவர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் குழந்தை விளையாடவில்லை, உண்மையாகவே அவை புனிதர்களின் பெயர் என்று நினைத்திருக்கிறாள் என்பது சில மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டிருக்கிறார், உனக்குப் பிடித்த புனிதர் யார் என்று. இவள் எழுந்து நின்று, "புனித தெலோனிக்ஸ் ரேஜியா" என்றிருக்கிறாள். சிஸ்டர் பாவம், தனக்குத்தான் தெரியவில்லையோ என்று, அவர் எந்த நாட்டுக்காரர் என்று கேட்டிருக்கிறார்.

"மடகாஸ்கர்," என்றிருக்கிறாள்.

அதுவும் சரிதான். அந்த மரம் அங்கிருந்துதான் வந்தது, அப்பா சொல்லிக் கொடுத்திருக்கிறார். சிஸ்டர் எங்களைக் கூப்பிட்டு விசாரித்தபோது இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பிள்ளைக்கு இப்படியா சொல்லிக் குடுக்குறது?" என்று சிஸ்டர் கேட்க, நான் இடையில் புகுந்து, "சிஸ்டர், மரமும் சாமி படைச்சதுதானே?" என்றேன். பூசைக்கே வராதவள் வந்து வாதாடுகிறாளே என்று அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அது எங்கள் குடும்ப வழக்கமாகவே ஆகிவிட்டது. அவர் பெயரைச் சொல்வார், மகள் பதில் சொல்வாள், நான் அர்த்தம் சொல்வேன். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. மகள் எத்தனையோ தடவை, "அம்மா, நீங்களும் ஒரு தடவை பதில் சொல்லுங்களேன்லா," என்று கெஞ்சியிருக்கிறாள். "அது மட்டும் என் வாயில வராது" என்பேன். விளையாட்டுக்கு என்றாலும் அந்த வார்த்தை அந்த ஜெபத்தின் வார்த்தைதானே. அவர் ஒருநாளும் வற்புறுத்தவில்லை.

வாழையிலைக் கடையிலும் விடமாட்டார். ரசத்தில் மிதக்கும் கறிவேப்பிலையை எடுத்து இலையோரம் வைத்து, "இதுக்கு யார் பேரு வெச்சிருக்கான் தெரியுமா? ரெண்டு வெள்ளைக்காரனுங்க பேரு" என்பார். எனக்கு வந்த ஆத்திரம்! "நம்ம ஆளுங்க காலங்காலமா தாளிக்கிறது, அவனுங்க பேரா? வெச்சவன் கண்ணுல கடுகு தெறிக்க!" என்றேன். பக்கத்து மேசை அங்கிள் திரும்பிப் பார்த்தார். என்னைச் சமாதானப்படுத்த இவர் அவசரமாக முருங்கைக்காய்க்குத் தாவினார். அதன் லத்தீன் பெயரில் வரும் மொரிங்கா நம்முடைய முருங்கையேதான். மாமரத்தின் பெயர் மாங்கிஃபெரா. மாங்கா நம் மாங்காய், ஃபெரா என்றால் சுமப்பது. "பார்த்தியா, லத்தீன்காரனே நம்ம மாங்காயைச் சுமக்குறான்" என்றார். அப்புறம்தான் எனக்குச் சோறு இறங்கியது.

மகள் வளர்ந்தாள், பின்சீட்டில் காதில் பாட்டு மாட்டிக்கொண்டாள், அப்போதும் பழக்கதோஷத்தில் உதடு மட்டும் பதில் சொல்லும். பிறகு வேலை, கல்யாணம், அம்பாங்கில் வீடு. மாமியார் போய்ச் சேர்ந்தார். கடைசி வரை என் உதட்டைப் பார்த்துக்கொண்டே போனார். பின்சீட்டு காலியான பிறகும் என் கணவர் மரங்களின் பெயர் சொல்வதை நிறுத்தவில்லை. பதில் வரவேண்டிய இடத்தில் ஒரு மூச்சு நேரம் நிறுத்துவார், பிறகு நான் அர்த்தம் சொல்வேன். முதுமை இப்படியே கழிந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

போன வருஷம் ஒரு காலையில், பல் விளக்கிக்கொண்டிருந்தவர் குளியலறையிலேயே சரிந்தார். பக்கவாதம். வலது கை ஓய்ந்தது, கால் இழுத்தது. அதெல்லாம் கூடப் பரவாயில்லை. பேச்சு போய்விட்டது. நாம் சொல்வது அவருக்குப் புரிகிறது, ஆனால் அவருக்குச் சொல் கிடைக்கவில்லை. தண்ணீர் வேண்டும் என்றாலும் "அது", வலிக்கிறது என்றாலும் "அது", மகள் வந்தாலும் "அது". சொல்ல முடியாமல் அவர் கண்ணில் தண்ணீர் நிற்கும்போது எனக்கு நெஞ்சே வெடித்துவிடும் போலிருக்கும்.

சுங்கை வே பக்கத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு சீனப் பெண்ணிடம் வாரம் இரண்டு நாள் அழைத்துப் போனேன். நல்ல பொண்ணு, பொறுமைசாலி. பூனை, கோப்பை, சாவி என்று பட அட்டைகளைக் காட்டி, மலாயும் ஆங்கிலமும் கலந்து, "இது என்ன அங்கிள்?" என்று கேட்பாள். "அது... அது..." என்பார். ஒருநாள் அட்டைகளை வைத்துவிட்டு என்னைக் காட்டி, "இவங்க யாரு அங்கிள்?" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். உதடு துடித்தது. கடைசியில், "அது," என்றார்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். முப்பத்தொரு வருஷம் கூடவே இருந்தவளை "அது" என்கிறாரே! அவர்மேல் கோபம் இல்லை. எவர்மேல் என்று தெரியாத கோபம். முருகனிடம் நேராகவே கேட்டேன்: இந்த மனுஷன் என்னை ஏதாவது ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், திட்டினாலும் பரவாயில்லை, வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம்.

கார் ஓட்டுவது நான்தான். லைசென்ஸ் இருந்தும் நெடுஞ்சாலை என்றால் பயந்து அவரிடமே விட்டிருந்தேன், இப்போது வேறு வழியில்லை. இடது லேனில் ஆமை மாதிரி போவேன். பின்னால் லோரிக்காரன் ஹாரன் அடித்தால் அவனுக்குக் கேட்காது என்ற தைரியத்தில் நன்றாகத் திட்டுவேன். ஒருநாள் பயிற்சி முடிந்து திரும்பும்போது மழை, ஜாம். ஓர் அங்சானா மரத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்தோம். ராத்திரி பூத்ததெல்லாம் கொட்டி ரோடு மஞ்சளாகக் கிடந்தது. பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"டெரோ... கார்ப்புஸ்."

"என்ன? என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க!" என்று கத்தினேன். அவர் மிரண்டு போய், "அது..." என்றார். சே, என் அவசரம்! இம்பாசியென்ஸ் என்று சும்மாவா வைத்தார்?

அடுத்த பயிற்சியில் அந்தப் பொண்ணிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் சிரித்தாள், ஆனால் நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. "ஆன்டி, பாட்டு, பிரார்த்தனை, வாய்ப்பாடு மாதிரி நூறு தடவை சொல்லிப் பழகினது சில சமயம் தானா வரும். அதையே பேச்சுன்னு எடுத்துக்க முடியாது," என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பிறகு அவளே சொன்னாள்: "ஆனா அங்கேயிருந்து தொடங்கலாம். முன்னாடி எப்படிச் செய்வீங்களோ, அதே மாதிரி செய்யுங்க. அதே இடம், அதே வரிசை. எதையும் விடாதீங்க."

எதையும் விடாதீங்க. வீட்டுக்கு வந்தும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. பெயர் அவருடையது. அர்த்தம் என்னுடையது. நடுவில் இருந்தது மகளுடைய பங்கு. மகளைக் கூப்பிட்டிருக்கலாம்தான், வந்திருப்பாள். ஆனால் தினமும் அவர் பக்கத்தில் இருக்கப்போவது நான்தானே.

அந்த ஞாயிறு காலையில் அவருக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டு, பல மாதத்துக்குப் பிறகு பிரிக்பீல்ட்ஸுக்குக் கிளம்பினேன். நெடுஞ்சாலை ஏறியதும் முதல் அங்சானா வந்தது. நான் வாயைத் திறக்காமல் வேகத்தை மட்டும் குறைத்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"டெரோகார்ப்புஸ்... இண்டிகுஸ்."

சொல்லிவிட்டு நிறுத்தினார். அதே ஒரு மூச்சு நேரம். அப்புறம் மெதுவாகக் கழுத்தைத் திருப்பிப் பின்சீட்டைப் பார்த்தார். அங்கே என் கைப்பையும் அவருடைய ஊன்றுகோலும்தான் இருந்தன. அவர் முகம் வாடியதை என்னால் பார்க்க முடியவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு இத்தனை வருஷம் யாரை ஜெயித்தேன்?

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்," என்றேன்.

பாதிதான் வெளியே வந்தது. அவர் சட்டென்று என்னைப் பார்த்தார், புருவம் இரண்டும் மேலே போய்விட்டன. மாமியார் மட்டும் இருந்திருந்தால் காரை நிறுத்தச் சொல்லி மெழுகுவத்தி ஏற்றியிருப்பார். நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு, "இறக்கை வைத்த பழம்," என்று அர்த்தத்தையும் சொன்னேன்.

அடுத்து தூங்குமூஞ்சி. "சமானேயா... சமான்." எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். அதற்கு அடுத்து செம்மயிற்கொன்றை, எங்கள் மகளின் புனிதர். "தெலோனிக்ஸ்..." என்று தொடங்கி மாட்டிக்கொண்டார். நான் காத்திருந்தேன். நானா, காத்திருந்தேன்! பாலம் தாண்டி, சுங்கை வே தாண்டி, மரம் எங்கேயோ பின்னால் போன பிறகு, "ரேஜியா!" என்றார். வேண்டிக்கொள்ளும் சாமி, வேண்டிக்கொள்ளும் என்றேன். ஒரு மரத்தையும் விடவில்லை. முதலில் வாய்தான் சொன்னது. கொஞ்ச தூரம் போன பிறகு நான் நிஜமாகவே கேட்டுக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு மரத்திடமும், யாராக இருந்தாலும் சரி, இந்த மனுஷனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று.

பிரிக்பீல்ட்ஸில் பூச்சரக் கடைகளைத் தாண்டி ஓரிடத்தில் காரை நிறுத்தினேன். இனிமேல் சொல்ல மரம் இல்லை. இறங்கி, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன். அவர் இறங்கவில்லை. நல்ல கையைத் தூக்கி என் மார்புக்கு நேரே விரலை நீட்டினார். உதடு இரண்டு மூன்று தடவை கூடிப் பிரிந்தது.

"இம்பாசியென்ஸ்," என்றார். "பால்... சமினா."

கதவைப் பிடித்துக்கொண்டேன். அவர் விரலை இறக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதிலுக்குக் காத்திருக்கிறார் என்று புரிந்தது. என் பெயருக்கு நானே எப்படிப் பதில் சொல்வது? ஒரு மூச்சு நேரம் போயிற்று, இன்னொரு மூச்சு நேரமும் போயிற்று. அப்புறம் அவரே, ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவி, ஏழு மாதத்தில் "அது" என்பதைத் தவிர முதல்முறையாகத் தமிழில் பேசினார்.

"எங்களுக்காக... வேண்டிக்... கொள்ளும்."

அந்தப் பொண்ணு இதைப் பேச்சில் சேர்ப்பாளோ மாட்டாளோ, எனக்குத் தெரியாது. மாதா கோயில் பக்கமிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்தேன்.

"சரி, சரி, வேண்டிக்கிறேன்," என்றேன். "முதல்ல இறங்குங்க. பூசை ஆரம்பிச்சிட்டாங்க, நானும் வரேன்."